பார்த்தவர் சாட்சியாக வேண்டும்

(படவேட்டில் நிகழ்த்தப்பட்ட இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். கோயம்புத்தூரில் படித்த காலத்தை அதில் சில வரிகளிலேயே சொல்லிவிட்டுப் போகிறார். ஏறத்தாழ நானூறு பேர் படித்த இடம் அது. பத்துப் பேர் போக மற்றவர்கள் பிராமணர்கள். யாரோடாவது பழகினால் ஊரை விசாரிப்பார்கள், உறவை விசாரிப்பார்கள், சாதி தெரிந்துவிடும். அதனால் வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போயிருக்கிறார். வகுப்பு கலைந்ததும் பிற மாணவர்கள் எட்டிப் பிடிக்காதபடி விரைந்து நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்.

இந்த வரிகளைப் படிக்கும்போது நாம் வழக்கமாகச் சீனிவாசனைத்தான் பார்க்கிறோம். இன்று மற்ற மாணவர்களைப் பார்ப்போம். அவர் அங்கே எழுதியிருப்பது அச்சத்தைப் பற்றி. ஒரு மாணவன் தினமும் கடைசியாக வருகிறான், முதலில் ஓடுகிறான், ஒருவரோடும் விளையாடுவதில்லை. நானூறு பேரில் ஒருவர் கண்ணிலுமா இது படவில்லை? பட்டிருக்கும். பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு வரலாற்றில் ஒரு வரியும் இல்லை. செய்திருந்தால்தானே வரி இருக்கும்.

ஆரணி, போளூர், வேலூர்க் கல்லூரிகளிலிருந்தும், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளிடமிருந்தும் இங்கே பலர் வந்திருக்கிறீர்கள். உங்களில் மாணவர் மன்றத் தலைவர்கள் இருக்கிறீர்கள். வகுப்புப் பிரதிநிதிகள், விடுதி உணவுக் குழுவினர், நாட்டு நலப்பணித் திட்ட அணித் தலைவர்கள், கபடி அணித் தலைவர்கள், வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின்களாக இருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றுதான்: ஒருவர் இன்னொருவரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தும்போது, அருகில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும்? அதைப் பயிற்சியாகக் கற்றுக்கொடுக்க முடியுமா?

நாம் இதுவரை அடிபடுகிறவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம். அது தேவையாக இருந்தது, இன்னும் தேவைதான். ஆனால் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சுமையை எப்போதும் சுமப்பவர் தலையிலேயே வைத்துவிட்டோம்.

நல்லவர்கள் இருவர்

பாபாசாகேப் அம்பேத்கர் வெளிநாட்டில் படித்துத் திரும்பிப் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் வேற்றுப் பெயரில் தங்கினார். தடிகளோடு வந்த பார்சிகள் கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. இந்தக் கதை நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவருக்கு அங்கே இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். முதலில் இந்து நண்பரிடம் போனார். அவர் வருந்தினார், கோபப்பட்டார். ஆனால் நீங்கள் என் வீட்டுக்கு வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறித்தவ நண்பர், ஊரிலிருந்து மனைவி வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அன்றிரவே அம்பேத்கர் பம்பாய்க்கு ரயில் ஏறினார்.

அந்த இருவரும் கெட்டவர்கள் அல்லர். நடந்தது அநியாயம் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததற்கும் செய்ததற்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தைத் தாண்ட ஒருவரைப் பழக்குவதே நான் சொல்லும் பயிற்சி.

உலகம் இதை எப்படிப் படித்தது

1964இல் நியூயார்க்கில் ஓர் இளம்பெண் தன் குடியிருப்பின் அருகே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நாளேடு எழுதியது. அந்தக் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்று பிற்கால ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனால் அந்தச் செய்தி எழுப்பிய கேள்வி நிலைத்தது. லட்டானே, டார்லி என்ற இரு உளவியலாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1968இல் அவர்கள் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒருவர் அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறார். சுவர்த் துளை வழியாகப் புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கும்படி முன்பே சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு உட்கார்ந்தவர்களில் 10 விழுக்காட்டினரே சொன்னார்கள். கண்ணெதிரே புகை. ஆனாலும் பக்கத்தில் இருப்பவர் பேசாமல் இருந்தால் நமக்கும் வாய் அடைத்துப்போகிறது.

இதிலிருந்து அவர்கள் ஐந்து படிகளை வகுத்தார்கள். நடப்பதைக் கவனிக்க வேண்டும். அது ஆபத்து என்று புரிய வேண்டும். இது என் பொறுப்பு என்று ஏற்க வேண்டும். என்ன செய்வது என்று தெரிய வேண்டும். பிறகு செய்ய வேண்டும். எந்தப் படியில் கால் இடறினாலும் உதவி போய்ச் சேராது. அமெரிக்க, பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்க மாணவர் தலைவர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சிகள் பெரும்பாலும் இந்த ஐந்து படிகளின் மேல்தான் நிற்கின்றன.

நம்பிக்கை தரும் ஓர் ஆய்வும் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் ஆகிய மூன்று நகரங்களின் தெருக் கேமராக்களில் பதிவான 219 சண்டைகளை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவு இது: பத்தில் ஒன்பது சண்டைகளில் அருகிலிருந்த யாராவது ஒருவராவது தலையிட்டிருக்கிறார். மனிதர்கள் கல் அல்ல.

அப்படியானால் நம் வகுப்பறையில், நம் விடுதியில், நம் தெருவில் ஏன் கல்லாகிவிடுகிறார்கள்?

இங்கே தடை வேறு

முன்பின் அறியாதவர்கள் கூடியிருக்கும் நகரத்துத் தெருவில் நிற்பவர், வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துச் சும்மா இருக்கலாம். நம் ஊரில் நிற்பவருக்கு எல்லோரையும் தெரியும். திட்டுகிறவன் பெரியப்பா மகனாக இருப்பான், ஒரே தெருவாக இருப்பான், ஒரே நிறக் கயிறு கட்டியவனாக இருப்பான். அவனைத் தடுத்தால் ஊருக்குப் போனதும் கேள்வி வரும்: நீ எந்தப் பக்கம்? இங்கே மௌனம் அசட்டையால் வருவது குறைவு. சொந்தத்தால் வருவதே அதிகம். பார்ப்பவர் நடுவில் நிற்பதில்லை. பிறக்கும்போதே ஒரு பக்கத்தில் நிறுத்தப்பட்டவர் அவர்.

ஆகவே வெளிநாட்டுப் பயிற்சியை அப்படியே மொழிபெயர்த்து இங்கே நடத்தினால் பயன் இருக்காது. அந்த ஐந்து படிகளையும் நம் மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதற்படி கவனித்தல். சாதி எப்போதும் அரிவாளோடு வருவதில்லை. ஊர் எது என்று கேட்டு, அடுத்து தெரு எது என்று கேட்பதில் வருகிறது. மலையிலிருந்து வந்த பிள்ளைக்கு வைக்கும் பட்டப்பெயரில் வருகிறது. உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிப்பதில் வருகிறது. ஆண்டு விழாவில் மேடையில் யார், நாற்காலி தூக்குவது யார் என்பதில் வருகிறது. நாள்தோறும் பார்ப்பதால் கண்ணுக்கு அது பழகிவிட்டது.

இரண்டாவது, புரிதல். சும்மா கேலிதானே, கூட்டாளிங்கதானே என்ற ஒரு சொல் போதும், எல்லாவற்றையும் மூடிவிட. கேலியா இல்லையா என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அதே சொல்லை அவன் திருப்பிச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் அது கேலி அல்ல.

மூன்றாவது, பொறுப்பு. இது அவங்க பிரச்சினை என்பதே நம் நாட்டின் பெரிய மந்திரம். ஐந்து படிகளில் சாதி உட்கார்ந்திருக்கும் படி இதுதான். நான்காவதும் ஐந்தாவதும் பயிற்சியால் கைகூடும். மூன்றாவது மனம் மாறாமல் கைகூடாது.

நாங்குநேரி சொல்வது

2023 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரவு, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவர் ஒருவர் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்டார். வெட்டியவர்கள் அவரோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். தடுக்கக் குறுக்கே பாய்ந்தவர் அவருடைய தங்கை. அந்தச் சிறுமிக்கும் வெட்டு விழுந்தது. முன்பே அவரை அந்த மாணவர்கள் துன்புறுத்தி வந்திருக்கிறார்கள். தாங்க முடியாமல் அவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருக்கிறார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அரிவாள் வந்தது.

இரண்டு விஷயங்களை இதில் கவனியுங்கள். ஒரே வகுப்பறையில் நாள்தோறும் நடப்பது மற்ற மாணவர்கள் கண்ணில் படாமல் இருக்காது. அப்போது யாரும் குறுக்கே வரவில்லை, கடைசியில் குறுக்கே வர வேண்டியவளாக ஒரு தங்கை மிஞ்சினாள். அடுத்தது, புகார் சொன்னவர் தனியாகச் சொன்னார். அவரோடு ஐந்து பேர், அதிலும் வேறு சாதி மாணவர்கள் சேர்ந்து, ஆமாம் சார், நாங்களும் பார்த்தோம் என்று சொல்லியிருந்தால், பழிவாங்க ஒரே ஒரு வீட்டு முகவரி இருந்திருக்காது.

அந்த மாணவர் காயங்களோடு தேர்வெழுதி, 2024இல் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். நாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அது அவருடைய தைரியத்துக்குக் கிடைத்த மதிப்பெண். அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு என்ன மதிப்பெண் போடுவது?

இந்த நிகழ்வுக்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை தரப்பட்டது. கையில் கயிறு, நெற்றியில் சாதி அடையாளம் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பன போன்ற பரிந்துரைகள் பரவலாகப் பேசப்பட்டன. அதிகம் பேசப்படாத பரிந்துரை ஒன்றும் அதில் உண்டு. எல்லாச் சமூக மாணவர்களும் சேர்ந்த சமூக நீதி மாணவர் படை ஒன்றை அமைத்துப் பயிற்சி தர வேண்டும் என்பது அது. படை வருவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மன்றம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பயிற்சிதான் இல்லை.

தலையிட ஐந்து வழிகள்

தலையிடுவது என்றவுடன் சட்டையைப் பிடிப்பதுதான் நம் நினைவுக்கு வருகிறது. திரைப்படம் அப்படிப் பழக்கிவிட்டது. பொது இடத் துன்புறுத்தலுக்கு எதிராக இயங்கும் 'ரைட் டு பி' என்ற அமைப்பு ஐந்து வழிகளைக் கற்பிக்கிறது. அவற்றை நம் விடுதி உணவுக்கூடத்தில் வைத்துப் பார்ப்போம். நான்கு பேர் உட்கார்ந்து ஒருவனின் சாதியை இழுத்துப் பேசுகிறார்கள். நீங்கள் அடுத்த மேசையில் இருக்கிறீர்கள்.

முதல் வழி, திசைதிருப்புவது. அவர்களோடு பேசாமல் அந்த மாணவனோடு பேசுவது. "தம்பி, வார்டன் உன்னைக் கூப்பிடுறாரு, வா" என்று அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். சண்டை இல்லை, ஆனால் அந்த இடம் உடைந்துவிடுகிறது.

இரண்டாவது, துணை சேர்ப்பது. நீங்கள் முதலாண்டு, அவர்கள் மூன்றாமாண்டு என்றால் அவர்கள் சொல் கேட்கக்கூடிய ஒருவரை அழைத்து வரலாம். மூத்த மாணவர், அணித் தலைவர், ஆசிரியர், காப்பாளர் யாராகவும் இருக்கலாம். இது கோழைத்தனம் அல்ல. புகைச் சோதனையைத் தலைகீழாகத் திருப்புவது. ஒருவர் அசைந்தால் பத்துப் பேர் அசைவார்கள்.

மூன்றாவது, பதிவு செய்வது. இதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

நான்காவது, பிறகு துணை நிற்பது. அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் போனவர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. அன்றிரவே அந்த மாணவனின் அறைக்குப் போய், "நான் பார்த்தேன். அது தப்பு. புகார் கொடுப்பதாக இருந்தால் நான் வந்து சொல்கிறேன்" என்று மூன்று வாக்கியம் சொல்லலாம். இழிவைவிட அதிகம் வலிப்பது, யாரும் பார்க்காததுபோல் இருந்ததுதான். 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து ஆய்வு மாணவர்கள் வளாகத்துக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். ரோஹித் வெமுலா அவர்களில் ஒருவர். பல நாள்கள் அந்தக் கூடாரத்தைக் கடந்துதான் பல்கலைக்கழகம் வகுப்புக்குப் போனது, சாப்பிடப் போனது.

ஐந்தாவது, நேரே தடுப்பது. குறைந்த சொற்களில், குரல் உயர்த்தாமல். "இந்தப் பேச்சு இங்க வேணாம்." அவ்வளவுதான். விவாதம் வேண்டாம், பாடம் நடத்த வேண்டாம். கையில் ஆயுதம் இருந்தால், குடித்திருந்தால், நீங்கள் தனியாக இருந்தால் இந்த வழியை எடுக்கக் கூடாது.

சட்டம் பார்வையாளரை எங்கே நிறுத்துகிறது

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் குற்றம். ஆனால் அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவுகள் சொல்கின்றன. இந்தச் சொற்களின் மேல்தான் எத்தனையோ வழக்குகள் நிற்கின்றன, விழுகின்றன. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றை ரத்து செய்தது. வருவாய் ஆய்வாளர் ஒருவரை அவருடைய அலுவலகத்திலேயே சாதி சொல்லித் திட்டியதாகப் புகார். நடந்தது நான்கு சுவருக்குள், உடன் பணிபுரிபவர்கள் பிறகுதான் உள்ளே வந்தார்கள், ஆகவே அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடம் ஆகாது என்றது நீதிமன்றம்.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். இழிவு நடந்ததா என்பதோடு சட்டம் நிற்பதில்லை. யார் பார்த்தார்கள் என்றும் கேட்கிறது. பார்த்தவர் வாய் திறக்காவிட்டால், பெரும்பாலும் நடந்ததே நடக்காததாகிவிடும். ஆகவே உணவுக்கூடத்தில் அடுத்த மேசையில் உட்கார்ந்திருக்கும் மாணவர் சும்மா இருப்பவர் அல்லர். அந்தக் குற்றத்தைக் குற்றமாக நிலைநாட்டக்கூடியவர் அவர்.

சட்டத்துக்கு இது தெரியும். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 15அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டவரை மட்டுமல்லாமல் சாட்சியையும் மிரட்டலிலிருந்தும் ஆசை காட்டலிலிருந்தும் காப்பது அரசின் கடமை என்று அது சொல்கிறது. விசாரணைக்காலப் பயணச் செலவு, பராமரிப்புச் செலவு, தேவையானால் வேறு இடத்தில் குடியமர்த்துதல் வரை சாட்சிக்கும் உரிமை உண்டு. நம் மாணவர் தலைவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பிரிவு தெரியும்?

சாட்சி ஏன் முக்கியம் என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கு போதும். பொறியியல் படித்த அந்த இளைஞர் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அன்று உடன் இருந்த முக்கிய சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். ஆனால் கோயில் கேமரா பிறழவில்லை. 2022 மார்ச்சில் தண்டனை வந்தது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நீதி கிடைத்ததற்கு மகிழ்கிறோம். ஆனால் மனிதர் சொல்ல முடியாததை ஓர் இயந்திரம் சொல்ல வேண்டியிருந்தது. விடுதி அறையில், கழிப்பறை வாசலில், பேருந்தின் கடைசி இருக்கையில் கேமரா இருக்காது. அங்கே நீங்கள் இருப்பீர்கள்.

எப்படிப் பதிவு செய்வது

பார்த்தவர் அன்றைக்கே, தூங்கப் போவதற்கு முன், ஒரு தாளில் எழுத வேண்டும். தேதி, நேரம், இடம். யார் யார் இருந்தார்கள். என்ன சொல் சொல்லப்பட்டதோ அதே சொல். 'சாதி பற்றித் தவறாகப் பேசினார்' என்று எழுதினால் பயனில்லை. கேட்கக் கூசும் சொல்லாக இருந்தாலும் அப்படியே எழுத வேண்டும். நீங்கள் நேரில் கேட்டது எது, பிறர் சொல்லித் தெரிந்தது எது என்று பிரித்து எழுத வேண்டும். கீழே கையெழுத்து. மூன்று பேர் பார்த்திருந்தால் மூன்று பேரும் தனித்தனியாக எழுத வேண்டும், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதக் கூடாது.

செல்பேசியில் படம் எடுத்தால் அதைக் குழுக்களில் பரப்பக் கூடாது. ஒருவர் இழிவுபடுத்தப்பட்ட காட்சியை ஊரெல்லாம் பார்க்கச் செய்வது இன்னொரு இழிவு. எடுத்த பதிவைத் திருத்தாமல், வெட்டாமல், பாதிக்கப்பட்டவரிடம் கொடுங்கள். புகார் கொடுப்பதா, எப்போது, யாரிடம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். அவர் தலைக்கு மேல் போய் நாம் வீரம் காட்டக் கூடாது. விளைவைச் சுமக்கப்போவது அவருடைய குடும்பம்.

மன்ற அறிவிப்புப் பலகையில் மூன்று எண்கள் எப்போதும் இருக்கட்டும். வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566. சிறார்களுக்கு 1098. ராகிங்குக்கு 1800-180-5522.

பயிற்சியை நடத்துவது எப்படி

அரை நாள் போதும். பேனர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். இருபது, இருபத்தைந்து பேர். எல்லாச் சாதி மாணவர்களும் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்துப் பேசினால் இது பயிற்சி ஆகாது, இன்னொரு ஆறுதல் கூட்டம் ஆகிவிடும்.

முதல் ஒரு மணி நேரம் ஐந்து படிகளையும் தங்கள் வளாகத்தின் எடுத்துக்காட்டுகளோடு பேச வேண்டும். பெயர் சொல்லாமல் சீட்டில் எழுதிப் போடச் சொன்னால் எடுத்துக்காட்டுக்குப் பஞ்சம் இருக்காது. இரண்டாவது மணி நேரம் நடித்துப் பார்க்க வேண்டும். இதில் ஒரு கண்டிப்பான விதி: தலித் மாணவரையோ பழங்குடி மாணவரையோ இழிவுபடுத்தப்படுபவராக நடிக்கவைக்கக் கூடாது. வாழ்வில் பட்டதை மேடையிலும் படவைப்பது பயிற்சி அல்ல. நடிக்க வேண்டிய முக்கியப் பாத்திரம் பார்வையாளர்தான். அதை ஆதிக்கச் சாதி மாணவர்களே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். "இந்தப் பேச்சு வேணாம்" என்ற மூன்று சொல்லை வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பழகாதவனுக்கு, அந்த நேரத்தில் நாக்கு புரளாது. மூன்றாவது மணி நேரம் சட்டமும் சாட்சிக் குறிப்பும். கற்பனையான ஒரு நிகழ்வைச் சொல்லி எல்லோரையும் எழுதச் சொல்லி, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முடிவில் ஒவ்வொரு மன்றமும் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும். புகார் என்றால் குறைந்தது மூன்று பேர் சேர்ந்து போவோம், அதில் ஒருவராவது திட்டியவரின் சாதியைச் சேர்ந்தவராக இருப்பார் என்பது அந்த ஏற்பாடு. தன் சாதிக்காரனைத் தடுக்கும் ஒருவனின் சொல்லுக்கு இருக்கும் எடை, நாம் ஆயிரம் பேர் கத்தினாலும் வராது. அதற்கு அவன் கொடுக்கும் விலையும் அதிகம். அந்த விலையை அவன் தனியாகக் கொடுக்காதபடி மன்றம் அவனோடு நிற்க வேண்டும்.

நம்மிடம் நாம் கேட்க வேண்டியது

2008 நவம்பர் 12, சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரி. தேவர் ஜெயந்தி சுவரொட்டி ஒன்றில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கர் பெயர் விடப்பட்டது. அந்தச் சீண்டல் மோதலாக வளர்ந்தது. கீழே விழுந்து கிடந்த மாணவர்களைக் கம்பால் அடித்ததைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. வாயிலில் போலீஸ் நின்று பார்த்துக்கொண்டிருந்ததையும் காட்டின. முதல்வர் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. அன்று அடிபட்டுக் கிடந்தவர்கள் ஆதிக்கச் சாதி மாணவர்கள், அடித்தவர்களில் நம் மாணவர்கள் இருந்தார்கள். பெயரை விட்டவர்களின் திமிரை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால் விழுந்தவனை அடிக்காதே என்று கையைப் பிடிக்க நம்மில் ஒருவர் வந்திருந்தால், அது அடிபட்டவரையும் காத்திருக்கும், வழக்குகளில் சிக்கிய நம் பிள்ளைகளையும் காத்திருக்கும். பாபாசாகேப் பெயரையும் காத்திருக்கும்.

இன்னும் அருகில் வருவோம். மலையிலிருந்து வந்த பழங்குடி மாணவியின் பேச்சைப் பழித்துக் காட்டும்போது நாம் சிரித்தோமா? அருந்ததியர் மாணவரை நம் நண்பரே தாழ்த்திப் பேசும்போது என்ன செய்தோம்? மும்பையில் 2019 மே மாதம் உயிரை மாய்த்துக்கொண்ட டாக்டர் பாயல் தட்வி பழங்குடிச் சமூகத்தவர். மூத்த மருத்துவர்கள் அவரை இழிவுபடுத்தினார்கள் என்பது வழக்கு. ஒரு மருத்துவமனை வார்டில் நடப்பதைக் காணக் கண்கள் குறைவா?

பயிற்சி கொடுத்துவிட்டால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்பீர்கள். ஒழியாது. நிலம் யாரிடம், கோயில் யாரிடம், ஊர்க் கூட்டத்தில் யார் சொல் எடுபடும் என்பவை மாறாமல் எதுவும் முழுதாக மாறாது. நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனபோது ஆட்சியரும் பெரும் போலீஸ் படையும் உடன் போக வேண்டியிருந்தது. அந்த ஊரில், இவர்கள் உள்ளே வருவது நியாயம்தான் என்று மனத்துக்குள் நினைத்த ஆதிக்கச் சாதிக்காரர் ஒருவர்கூடவா இருந்திருக்க மாட்டார்? இருந்திருந்தால், அதை வாசலில் நின்று சொல்ல அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நான் கேட்பது அதற்கான பயிற்சியை. அது சட்டத்துக்கு மாற்று அல்ல, போராட்டத்துக்கும் மாற்று அல்ல. இரண்டுக்கும் சாட்சி சேர்க்கும் வேலை.

தாத்தா சீனிவாசன் 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் பொது என்று அரசை அறிவிக்கவைத்தார். பள்ளி வாசலில் மணி அடிக்கக் காத்திருந்த பையன் செய்த வேலை அது. அவரைப் போன்றவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் உங்கள் மன்றத்தில் ஓர் அரை நாள் ஒதுக்குங்கள். இன்னும் எந்தக் கல்லூரியிலாவது ஒரு மாணவர் கடைசியாக வந்து முதலில் ஓடிக்கொண்டிருக்கலாம். அவரோடு சேர்ந்து நடக்க ஒருவரைத் தயார் செய்யுங்கள்.

ஜெய்பீம்.